கட்டெறும்புகளின் புரட்டாசி

வைகாசியில் ஒரு மாலை மழை பெய்து ஓய்ந்தது. மறுநாள் காலை, மொட்டைமாடிக் கொடியில் எடுக்க மறந்துபோன சென்னிமலைப் போர்வையை உதறியபோது, அதன் மடிப்பிலிருந்து ஒரு கறுப்பு எறும்பு என் முன்கையில் விழுந்தது. நெல்மணியைப்போல் இருமடங்கு நீளம். தடித்த மார்பு, பருத்த வயிறு. போர்வையின் அதே மடிப்பில் நான்கு மெல்லிய சிறகுகள் ஒட்டிக்கிடந்தன. அவை அதனுடையவையே.

கல்லூரி நூலகத்தில் முப்பது ஆண்டுகள் பணியாற்றிய ஒருத்திக்கு, தன் துறைக்குத் தொடர்பில்லாத நூல்களை நின்றபடியே படிக்கும் பழக்கம் வந்துவிடுகிறது. எறும்புகளைப் பற்றி அப்படித்தான் படித்திருந்தேன். மழைக்குப் பின் பறந்து, கூடி, தரையிறங்கியதும் ராணி எறும்பு தன் சிறகுகளைத் தானே கழற்றிவிடும். பிறகு ஒரு சிறு துளையைத் தேடி, உள்ளே புகுந்து வாயிலை அடைத்துக்கொண்டு முட்டையிடும். முதல் பிள்ளைகள் வளர்ந்து வெளியே வரும்வரை உணவில்லை. பறப்பதற்காக வளர்த்த சதையே கரைந்து அதற்கும் அதன் குஞ்சுகளுக்கும் உணவாகும். இந்த ராணி துளைக்குப் பதிலாக எங்கள் போர்வையைத் தேர்ந்திருந்தது.

எறும்பு நழுவாமல் இரு உள்ளங்கைகளையும் குவித்துக்கொண்டு கீழே இறங்கி வந்தேன். பம்ப்செட் தொழிற்கூடத்தில் லேத்து முன்னால் முப்பத்தைந்து ஆண்டுகள் நின்று ஓய்வுபெற்ற என் கணவர், செய்தித்தாளிலிருந்து தலை நிமிர்ந்தார்.

"ஏனுங்க, இதெக் கொஞ்சம் பாருங்க."

"கட்டெறும்பு. கடிச்சுப்போடும் அம்மணி, கீழ உட்டுரு."

"இது ராணிங்க. வளக்கலாம்னு இருக்கறனுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் மாட்டிக்கொண்டார். "நாய் வளக்கலாம்னு நான் கேட்டப்ப மட்டும் ஊடெல்லாம் முடி கொட்டும்னு சொன்னே."

"இதுக்கு முடி இல்லீங்களே."

அன்று பிற்பகலே டவுன்ஹால் பக்கம் அறிவியல் கருவிகள் விற்கும் கடையில் ஒரு கண்ணாடிச் சோதனைக் குழாய் வாங்கி வந்தேன். அதன் பாதிவரை தண்ணீர் ஊற்றி, பஞ்சால் அடைத்து, பஞ்சுக்கு இப்பால் ராணியை விட்டு, வாய்ப்புறத்தையும் பஞ்சால் மூடினேன். எறும்புகளின் கண்ணுக்குச் சிவப்பு நிறம் இருட்டு என்பதால், குழாயின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றி, புத்தக அலமாரியின் அடித்தட்டில் இரண்டு அகராதிகளுக்கு நடுவே படுக்கவைத்தேன். நாற்பது நாள் அசைக்கக்கூடாது, உணவு தரக்கூடாது என்பது விதி.

என் கணவரால் தாங்க முடியாதது அந்த இரண்டாவது விதிதான். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவர் யாராயினும் வெறும் வயிற்றோடு போகவிடுவது குடும்பத்துக்கே இழுக்கு.

"மின்சார மீட்டர் பாக்க வர்றவருக்கே மோர் குடுக்கறோம். ஊட்டுக்கு வந்த ஒறம்பரையெ நாப்பது நாள் பட்டினி போடறயே, இது நாயமா?"

"பட்டினி இல்லீங்க. சோத்தெ உள்ளயே கட்டிக் கொண்டாந்திருக்கறாங்க."

"அதான் கட்டுச்சோத்து மூட்டையாட்ட வயிறா?" என்று கேட்டுவிட்டு, ஒருவாறு சமாதானமானார். ஆனாலும் தினமும் காப்பி குடித்தபின் அலமாரியின் முன் குனிந்து, "நல்லா இருக்கறீங்களா?" என்று விசாரிப்பதை அவர் நிறுத்தவில்லை. நான் அவரைத் தடுக்கவும் இல்லை. குரலால் கண்ணாடி அசையாது.

ஆனியில் முட்டைகள் தெரிந்தன. அவை புழுக்களாகி, புழுக்கள் பட்டுக்கூடு கட்டி, ஆடிப்பெருக்கு அன்று காலை முதல் வேலைக்கார எறும்பு வெளியே வந்தது. தாயின் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நிறம் இன்னும் முற்றாமல் தேநீர் போலிருந்தது. ஆவணி முடிவதற்குள் அப்படிப் பன்னிரண்டு சேர்ந்துவிட்டன. ராணியின் அடியில் முப்பதுக்கும் மேற்பட்ட வெள்ளைப் புழுக்கள் ஒரு பிடி அவல்போலக் குவிந்திருந்தன.

வேலைக்காரர்கள் வந்துவிட்டால் உணவு தரலாம், தந்தே ஆகவேண்டும். என் கணவர் பழைய அக்ரிலிக் பலகைத் துண்டுகளை அறுத்து, இழைத்து, ஒட்டி, உள்ளங்கையளவில் ஒரு பெட்டி செய்தார். குழாயின் வாய் அதில் திறக்கும். எறும்புகள் அங்கே வந்து உண்டுவிட்டு உள்ளே போகும். எறும்புகள் சுவரேறித் தப்பாமலிருக்க விளிம்பில் முதலில் கிரீஸ் தடவினார். அதில் கால்வைத்த ஒரு எறும்பு அரைநாள் உட்கார்ந்து காலைத் துடைத்துக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்து மனம் பொறாமல் கிரீஸை வழித்தெடுத்துவிட்டு, என் முகப்பவுடரை ஸ்பிரிட்டில் குழைத்துப் பூசினார். அந்த வழவழப்பில் எந்த எறும்பாலும் ஏற முடியவில்லை. எனக்குப் பவுடர் தீர்ந்ததைப் பற்றி இருவருமே பேசவில்லை.

உணவு இருவகை. ஒரு பங்கு தேனுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து ஒரு சொட்டு. அது வளர்ந்த எறும்புகளுக்கு. வாரம் இருமுறை, சுடுநீரில் முக்கியெடுத்த கரப்பான் பூச்சியின் ஒரு துண்டு, அது புழுக்களுக்கு. வளர்ந்தவை இனிப்பில் உயிர்வாழும். வளரவேண்டியவற்றுக்கு மாமிசம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் புழுக்கள் வளராது. ராணியும் முட்டையிடுவதை நிறுத்திவிடும்.

கரப்பான்களைத் தந்தவள் எங்கள் வீட்டைப் பெருக்கித் துடைக்க வரும் பெண். முதல் நாள் அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏனுங்கக்கா, எங்கூட்டுல எறும்பெ வெரட்டறக்கு மஞ்சத்தூள் வாங்கறோம். நீங்க தேன் வாங்கறீங்க."

"தேன் மட்டும் பத்தாது கண்ணு. கரப்பானும் வேணும்."

"அதுக்கா பஞ்சம்? எங்கூட்டுக்கு வாங்க, சீரே செய்யலாம்."

அடுத்த வாரத்திலிருந்து செய்தித்தாள் துண்டில் மடித்து அவளே கொண்டுவரத் தொடங்கினாள். எறும்புகள் ஒரு துண்டைக் கவ்வி இரண்டு பேராக இழுத்துப்போவதைப் பார்க்க, துடைப்பு வேலை ஐந்து நிமிடம் தாமதமாகும். நானும் அவளும் ஒரே பூதக்கண்ணாடியைக் கைமாற்றிக்கொள்வோம்.

புரட்டாசி பிறந்த மூன்றாம் நாள், மேட்டுப்பாளையத்தில் இருக்கும் என் அக்காளுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. பன்னிரண்டு நாள் அங்கே தங்கவேண்டியிருந்தது. எறும்புகளுக்கான கடமைகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். என் கணவர் அதைத் தொழிற்கூடத்து வரைபடத்தைப் படிப்பதுபோல விரல் வைத்துப் படித்துவிட்டுத் தலையசைத்தார். மாலைதோறும் தொலைபேசியில் கேட்பேன்.

"சாப்பிட்டாங்களா?"

"வயிறு முட்டச் சாப்பிட்டாங்க. தேனுக் கிண்ணியெ உட்டு நவுரவே மாட்டேங்கறாங்க. நீ சாப்டியா?"

திரும்பிவந்த அன்று கைப்பையைத் தோளிலிருந்து இறக்குமுன் அலமாரியின் முன் உட்கார்ந்தேன். எறும்புகளின் வயிறுகள் தேன் நிறைந்து, பட்டை பட்டையாகப் பளபளத்தன. அவர் சொன்னதில் பொய்யில்லை. ஆனால் சிவப்புத் தாளை விலக்கியபோது, ராணியின் அடியில் இருந்த குவியல் இல்லை. இரண்டு முறை எண்ணினேன். பதினொரு புழுக்கள். அவையும் நான் விட்டுச்சென்ற அதே அளவில் இருந்தன. குழாயின் மூலையில் ஒரு வேலைக்கார எறும்பு துவண்டுபோன புழுவொன்றைப் பற்றியிருந்தது; இரண்டு எறும்புகள் அதைச் சுற்றி நின்று உண்டுகொண்டிருந்தன.

"ஏனுங்க, கரப்பான் வெச்சீங்களா?"

"தேன் வெச்சேன். ஒரு நாள் தவறல."

"கரப்பானுங்க?"

அவர் என்னை ஐயத்தோடு பார்த்தார். இதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பது போல. "புரட்டாசி அம்மணி."

பெருக்கிக்கொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள். "நான் கொண்டாந்தனுங்கக்கா. அண்ணன்தான் ஐப்பசில பாக்கலாம்னு திருப்பி உட்டுட்டாருங்க."

எங்கள் வீட்டில் புரட்டாசி முழுவதும் இறைச்சியோ முட்டையோ நுழைவதில்லை. கறிச்சட்டி பரணுக்குப் போய்விடும். எங்களுக்குத் திருமணமான புதிதில் ஒருநாள் லேத்தில் அவர் வலக்கை சிக்கியது. இரண்டு விரல்கள் போய்விடும் என்றே நினைத்தோம், தப்பின. அந்த ஆண்டு தொடங்கிய வேண்டுதல் இது. சனிக்கிழமைதோறும் பாசஞ்சர் ரயிலேறிக் காரமடைக் கோயிலுக்குப் போய்வருவார். அந்த இரண்டு விரல்களால்தான் அன்றுமுதல் இன்றுவரை அவர் எல்லாமே செய்து தந்திருக்கிறார், இந்த எறும்புப் பெட்டி உட்பட. எனவே அந்த நோன்பை நான் ஒருபோதும் சிறிதாக எண்ணியதில்லை.

"புரட்டாசி நமக்குங்க. எறும்புக்குமா?"

"இந்த ஊட்டுல இருக்கற எல்லாத்துக்குந்தான். உங்க அக்கா மகன் ஒருக்கா வந்து ஒரு மாசம் தங்குனானே. தெனமும் முட்ட கேட்டான். குடுத்தமா?"

"குடுக்கலீங்க. ஆனா அவன் பசிக்குத் தம்பியெத் திங்கலீங்களே. இவங்க தின்னுபோட்டாங்க."

பூதக்கண்ணாடியை நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்தார். பிறகு எழுந்துபோய், நான் ஒட்டியிருந்த தாளை மீண்டும் விரல் வைத்துப் படித்தார்.

அன்று மாலை, கொசு அடிக்கும் மின்மட்டையால் அவர் வராந்தாவில் ஒன்றை அடித்தார். 'பட்' என்று ஓசை கேட்டது. எனக்கு ஒரு வாதம் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்தேன்.

"இப்ப அடிச்சீங்களே, இது புரட்டாசிக்கு ஆகுமுங்களா?"

"அடிக்கறது வேற, பரிமாறறது வேற. என்ற கையால கவிச்சியெ எடுத்து யாருக்கும் வெக்கக்கூடாது. வேண்டுதல் அதுதான்."

"உங்க கையால வேண்டாமுங்க. நான் வெக்கறேன்."

"நீ வேற, நான் வேறயா?" என்றார். அவர் அதை வாதமாகச் சொல்லவில்லை; சாதாரணமாகக் கேட்டார்.

மறுநாள் அவர் கடைக்குப் போயிருந்தபோது, மட்டையில் கருகிக்கிடந்த கொசுவை இடுக்கியால் எடுத்துக்கொண்டு பெட்டியை நோக்கி நான்கைந்து அடி நடந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். எறும்புகள் யாரிடமும் சொல்லப்போவதில்லை. ஆனால் அவர் வந்ததும் "என்ன சாப்பிட்டாங்க?" என்று நிச்சயம் கேட்பார்; நான் ஒரு பொய் சொல்ல நேரும். கொசுவை ஜன்னல் வழியே போட்டுவிட்டேன். ஐப்பசிக்குப் பதினைந்து நாள் இருந்தது.

மாமிசமில்லாத மாற்றுகளைத் தேடினோம். கொள்ளு வேகவைத்த நீரை வைத்தோம். ஓர் எறும்பு மீசையால் தொட்டுவிட்டுப் போய்விட்டது. ஊறவைத்த பச்சைப்பயறை நசுக்கி வைத்தோம். அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பனீரில் கடுகளவு கிள்ளி வைத்தபோது, நான்கு எறும்புகள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டன. எங்கள் இருவருக்கும் ஒரே மகிழ்ச்சி. அரைமணி கழித்துப் பார்த்தால், குழாய் வாயிலிருந்து பஞ்சு இழைகளைப் பிய்த்துவந்து பனீர் முழுவதையும் மூடி மேடாக்கியிருந்தன.

பெருக்க வந்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "பொதச்சே போட்டாங்க பாருங்கக்கா! எங்கூட்டுக்காரராட்டவேதான். அவருக்கும் புரட்டாசில சோறு எறங்காது, தட்டத் தள்ளித் தள்ளி வெப்பாரு."

நானும் சிரித்தேன். ஆனால் ஒவ்வொரு காலையும் எண்ணிக்கை குறைந்துகொண்டிருந்தது. ஒன்பது. பிறகு ஏழு. பிறகு ஆறு. புதிய முட்டை ஒன்றுகூட இல்லை. இந்த ஆறும் போய்விட்டால், பன்னிரண்டு வேலைக்காரர்களும் மூப்படைந்து ஒவ்வொருவராக உதிர்வார்கள், இடம்நிரப்ப ஆளிராது. வைகாசியில் போர்வை மடிப்பில் சிறகைக் கழற்றிய ராணியின் உழைப்பு மொத்தமும் அந்த ஆறு வெள்ளைத் துளிகளில் நின்றது.

அந்தச் சனிக்கிழமை காரமடையிலிருந்து திரும்பியவர், சட்டையைக்கூட மாற்றாமல் பெட்டியின் முன் உட்கார்ந்தார். வானம் மூடியிருந்தது. வராந்தாவில் புழுக்கமாக இருந்தது.

"அம்மணி, இவங்க தோட்டத்துல இருந்தா கவிச்சிக்கு என்ன பண்ணுவாங்க?"

"தானாப் போய்த் தேடிக்குவாங்க."

"அங்க யாரும் பரிமாற மாட்டாங்க."

"ஆருங்க இருக்கறாங்க பரிமாற?"

அவர் எழுந்து, படிக்கட்டின் கீழ் வைத்திருக்கும் கருவிப் பெட்டியைத் திறந்தார். அடுத்த நாள் பகல் முழுவதும் அங்கிருந்து அரம் தேய்க்கும் ஓசை வந்துகொண்டிருந்தது. என்னவென்று கேட்டதற்கு, "பொறு" என்பதற்கு மேல் பதில் இல்லை. மாலையில் பார்த்தால், வளைத்த இரும்புக் கம்பியில் ஒரு சிறிய எல்இடி விளக்கைப் பொருத்தி, அது எறும்புப் பெட்டியின் நேர் மேலே ஒரு சாண் உயரத்தில் தொங்கும்படி தாங்கி ஒன்று செய்திருந்தார். விளக்குக்கும் பெட்டிக்கும் இடையே, அகன்ற வாயுடைய ஒரு தகரப் புனல்.

திங்கட்கிழமை மதியம் நல்ல மழை. ஐந்தரை மணிக்கு விட்டது. பொழுது சாயும் நேரத்தில், வாசல் மண்ணிலிருந்து முதல் ஈசல்கள் புகைபோல எழும்பின. அவர் காத்திருந்தது அதற்காகத்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பெட்டியையும் குழாயையும் வராந்தாத் திண்டின்மேல் வைத்து, மூடியைத் திறந்து, புனலைப் பொருத்தி, விளக்கைப் போட்டார்.

"ஊட்டு லைட்டெல்லாம் அமத்து."

அணைத்தேன். ஆனால் ஈசல்கள் எங்கள் சிறிய விளக்கைச் சட்டைசெய்யாமல், எதிர்வீட்டு வாசலின் பெரிய விளக்கை நோக்கிப் போயின. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்தார். உலோக வார்ப்பு ஆலை வைத்திருக்கும் எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்றிருந்தார். பேசியது இங்கே வரை கேட்டது.

"ஏனுங்க, ஒரு அரமணி நேரம் உங்க வாசல் லைட்டெ அமத்துவீங்களா?"

"அமத்தறனுங்க. ஏனுங்க, ஏதாச்சும் ரிப்பேருங்களா?"

"இல்லீங்க. எங்கூட்டு எறும்புக சாப்புடோணும்."

"அதுக்கென்னுங்க, சாப்புடட்டுங்க" என்றார் அவர், வேறெதுவும் கேட்காமல். விளக்கு அணைந்தது. எங்கள் பக்கத்து மரியாதை எந்த அளவுக்கு நீளும் என்பதை அன்று கண்டேன்.

இருண்ட தெருவில் மிஞ்சியிருந்த ஒரே வெளிச்சத்துக்கு ஈசல்கள் திரும்பின. விளக்கில் மோதி, புனலின் சரிவில் வழுக்கி, பெட்டிக்குள் விழுந்தன. ஒன்று, இரண்டு, பிறகு ஐந்தாறு. எறும்புகள் முதலில் அஞ்சிக் குழாய்க்குள் ஓடின. பிறகு ஒன்று மட்டும் வெளியே வந்தது. மீசையை முன்னே நீட்டி, ஓர் ஈசலைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. பின்னங்காலைப் பிடித்தது. அடுத்த நொடி நான்கு எறும்புகள் சேர்ந்துவிட்டன.

நான் பூதக்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தேன். பெட்டியிலிருந்து இரண்டடி விலகி, இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"நான் ஒன்னும் வெக்கல" என்றார். "பாத்துக்க. லைட்டு போட்டேன். அவ்வளவுதான்."

"பாத்துட்டனுங்க."

"உள்ள கொண்டு போறாங்களா?"

"போறாங்க. புழுவுக்குப் பக்கத்துலயே வெக்கறாங்க."

அவர் கைகளை அவிழ்க்காமலே கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தார். போதும் என்று தோன்றியதும் மூடியைப் போட்டு, விளக்கை அணைத்து, எதிர்வீட்டுக்காரருக்கு நன்றி சொல்லப் போனார். அங்கே காப்பி குடித்துவிட்டுத்தான் வந்தார்.

மறுநாள் காலை பெட்டியின் ஒரு மூலையில் ஈசல் சிறகுகள் மட்டும் அடுக்கிவைத்ததுபோல ஒதுக்கப்பட்டிருந்தன. புழுக்களை எண்ணினேன். ஆறு. அடுத்த நாளும் ஆறு. அந்த வாரம் இன்னொரு மழை பெய்தது. எதிர்வீட்டுக்காரர் கேட்காமலே விளக்கை அணைத்தார். புழுக்கள் கண்கூடாகவே பருத்தன.

ஐப்பசி முதல் தேதி காலை ஆறரைக்கெல்லாம், வழக்கத்தைவிட ஒரு மணிநேரம் முன்னதாக, பெருக்குகிறவள் வந்து நின்றாள். கையில் செய்தித்தாள் பொட்டலம்.

"ஏனுங்ணா, இன்னைக்கு ஒன்னாந் தேதிங்ணா. மூணு புடிச்சுக் கொண்டாந்திருக்கறேன். வெச்சரலாமுங்களா?"

நான் இடுக்கியை எடுத்தேன். அவர் என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டார். பெட்டியருகே போனவர், ஏதோ நினைவு வந்ததுபோல நின்றார்.

"கொஞ்சம் பொறு கண்ணு. குளிச்சுப்போட்டு வந்து வெக்கறேன்."

அவளும் நானும் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டோம். சிவப்புத் தாளை மெல்ல விலக்கிப் பார்த்தேன். ஆறில் நான்கு பட்டுக்கூடு கட்டிவிட்டன. மற்ற இரண்டும் கொழுத்துக் கிடந்தன. ராணியின் அடியில் புதிய முட்டைகள் இருந்தன. அவற்றை நான் எண்ணி முடிப்பதற்குள் குளியலறையில் தண்ணீர் விழும் ஓசை கேட்டது.